நாலும் உங்க பிள்ளைகளா? செங்கோட்டையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டை பஸ் நிலையத்தில், ரேஷன் வரிசையில், புனலூர் ரயிலில், கல்யாணப் பந்தியில் என்று போகிற இடமெல்லாம் என்னிடம் கேட்கிற கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுதான். பதிலைத் தொடங்கும்போதே ஒருவன் எதன் மேலாவது ஏறிவிடுவான். அதனால் இதுவரை யாருக்கும் முழுப் பதில் சொன்னதில்லை. பாக்கி வைத்ததையெல்லாம் இங்கே தீர்த்துவிடுகிறேன்.

நாலும் உங்க பிள்ளைகளா?

ஆமாம். மூத்தவளுக்கு ஒன்பது வயது. அடுத்தது இரட்டைப் பையன்கள், ஐந்தரை வயது. ஆறு நிமிடம் முன்னால் வந்தவன் பெரியவன், பின்னால் வந்தவன் சின்னவன். வீட்டில் பெயரே அப்படித்தான் ஆகிவிட்டது. கடைக்குட்டிக்கு மூன்று வயது முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

"இந்தக் காலத்துலயா?" என்பது அடுத்த கேள்வி. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை. மலை தாண்டிக் கேரளத்திலும் அதே 1.8. இரண்டு மாநிலத்திலும் யாரோ விட்ட பங்கை நாங்கள் எல்லையில் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று சிவப்பு முக்கோணத்தைச் சுவரில் பார்த்து வளர்ந்தவள்தான் நானும். இரண்டாவது போதும் என்றுதான் போனோம். ஸ்கேனில் இரண்டு தலை தெரிந்தது. கடைக்குட்டிக்கு விளக்கம் கேட்பவர்களுக்கு, விளக்கம் கிடையாது.

எப்படித்தான் சமாளிக்கிறீங்க?

எண்ணுகிறேன். உண்மையிலேயே அவ்வளவுதான் என் வேலை. பஸ் ஏறும்போது தலையை எண்ணுவது, இறங்கும்போது எண்ணுவது. தோசையை எண்ணுவது, எவனுக்கு எத்தனையாவது தோசை என்பதை எண்ணுவது. செருப்பு எட்டு. தண்ணீர் பாட்டில் மூன்று. ஊஞ்சலில் ஆளுக்கு இருபது ஆட்டம். ஒரு பிள்ளை இருந்தால் அது என்ன செய்கிறது என்று பார்க்கலாம். நாலு இருந்தால் நாலு இருக்கிறதா என்றுதான் பார்க்க முடியும்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இப்படித்தான். கடைக்குட்டியைக் கூப்பிட வேண்டுமென்றால் மூத்தவள் பெயரில் தொடங்கி, பெரியவன், சின்னவன் வழியாக, நடுவில் என் தம்பி பெயரையும் ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் அவளிடம் வந்து சேர்வேன். அதற்குள் மூன்று பேர் "என்னம்மா?" என்று வந்து நிற்பார்கள். எவளைக் கூப்பிட்டேனோ அவள் வரமாட்டாள்.

இன்னொன்று: சத்தம் இருக்கும்வரை பயமில்லை. நாலு பேரும் ஒன்றாக அமைதியானால் அடுப்பை அணைத்துவிட்டு ஓட வேண்டும். போன மாதம் அப்படி ஓடியபோது, ஆச்சியின் வெற்றிலைச் செல்லத்துச் சுண்ணாம்பை நாலு பேரும் சுவருக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளையடிக்கிறார்களாம். (சுண்ணாம்பு கண்ணில் பட்டால் விளையாட்டில்லை. அன்றோடு செல்லம் பீரோ மேலே போய்விட்டது. ஆச்சிக்கு இன்னும் கோபம் தீரவில்லை.)

பஸ்ஸில் எத்தனை டிக்கெட் எடுப்பீங்க?

தமிழ்நாட்டு அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை டிக்கெட் கிடையாது. முன்பு மூன்று வயதுதான் வரம்பு, 2022இல் ஏற்றினார்கள். ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை அரை டிக்கெட். ஆக இன்றைய தேதிக்கு எனக்கு ஒன்று, மூன்று அரை, கடைக்குட்டி சும்மா.

கேரள பஸ்ஸில் நடந்த ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும். புனலூர் போகிற வண்டி. இரட்டையருக்கு ஐந்து முடிந்து ஒரு வாரம். நடத்துநர் வந்து பெரியவனிடம் வயது கேட்டார். "அஞ்சு" என்றான். சின்னவனிடம் கேட்டார். எப்போதும் தான்தான் சின்னவன் என்று கேட்டுப் பழகியவன், மிகுந்த நேர்மையோடு "எனக்கு நாலு" என்றான். நடத்துநர் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சேச்சீ, இது ரெட்டகளல்லே?" ஆறு நிமிடத்தில் ஒரு வயசு வித்தியாசம் எப்படி வந்தது என்று பஸ் முழுக்கச் சிரிப்பு. நான் இரண்டு அரை டிக்கெட்டுக்குப் பணத்தைக் கையில் மடித்து வைத்திருந்தேன், சத்தியமாக. யார் நம்புவார்கள்?

வீட்டில் எந்த மொழி?

தமிழ். அதாவது, அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதுவரை திருவிதாங்கூர் பக்கம். கோட்டைவாசல் தாண்டினால் ஆரியங்காவு. என் நாத்தனாரைக் கொடுத்திருப்பது புனலூரில். அடுத்த வீட்டுச் சேச்சி தென்மலைக்காரர், அவருடைய இரண்டு பிள்ளைகளும் எங்கள் நாலும் காலையிலிருந்து மாலைவரை ஒரே கூட்டம். அப்புறம் மொழி எப்படிப் பிரிந்து நிற்கும்?

பெரும் சேதம் ஆச்சிக்குத்தான். என் மாமியார், அவருக்கு மலையாளம் புரியும், ஆனால் பேரப்பிள்ளை வாயிலிருந்து வரும் என்று எதிர்பார்ப்பதில்லை. ஒரு நாள் பெரியவன், "ஆச்சி, நான் களிக்கப் போறேன்" என்றான். மலையாளத்தில் களிப்பது என்றால் விளையாடுவது. ஆச்சி அலறிவிட்டார். "எதுக்குல களி? ஜெயிலுக்கா போற?" இன்னொரு நாள் நல்ல மழை இரவு. சின்னவன் அடுக்களையிலிருந்து "வெள்ளம்! ஆச்சி, வெள்ளம்!" என்று கத்தினான். குண்டாறு அணை உடைந்துவிட்டது என்று நினைத்து ஆச்சி வாசலுக்கு ஓட, அவன் டம்ளரோடு பின்னாலேயே வந்தான். தண்ணீர் கேட்டிருக்கிறான்.

நாய்க்கு அங்கே பட்டி. ஆச்சி பிறந்த ஊரின் பெயர் பட்டி என்றுதான் முடியும். இதைச் சேச்சி வீட்டுப் பிள்ளைகள் கண்டுபிடித்த நாளிலிருந்து ஆச்சி அவர்களுக்கு முறுக்குத் தருவதை நிறுத்தியிருக்கிறார்.

பிள்ளை குழம்பிவிடாதா என்று கேட்கிறார்கள். குழம்பவில்லை. யாரிடம் எதைப் பேச வேண்டும் என்று இரண்டரை வயதுக்காரிக்கே தெரிகிறது. சேச்சியிடம் "மதி" என்பாள், என்னிடம் "போதும்" என்பாள். ஆச்சியிடம் மட்டும் எதுவும் சொல்லாமல் தட்டைத் தள்ளிவிடுவாள்.

சாரல் காலத்தில் நாலு பிள்ளை துணி எப்படிக் காய்கிறது?

காய்வதில்லை.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று எங்கள் கணவாய் வழியாகக் குளிரையும் தூறலையும் தூக்கிக்கொண்டு வரும். அதைச் 'சீசன்' என்று கொண்டாடக் குற்றாலத்துக்கு வண்டி வண்டியாக ஜனம் வரும். எங்களுக்கு அது ஈரத்துணி சீசன். பள்ளிக்கூடச் சீருடை, வீட்டு உடுப்பு, கடைக்குட்டி நனைத்த ஜட்டி, மழையில் நனைந்து வந்த இன்னொரு செட் என்று ஒரு நாளைக்கு இருபது உருப்படி குறையாது. முற்றத்துக் கயிற்றில் போட்டால் போட்ட துணி போட்ட ஈரத்தோடேயே இருக்கும். சும்மா இல்லை, நாற்றத்தோடு இருக்கும்.

நான் செய்வது இதுதான். துணியை ஓரம் ஓரமாகத் தொங்கவிடாமல் நடு அறையில் இரண்டு கயிறு கட்டி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, கீழே மேஜை மின்விசிறியை ஓடவிடுவேன். சூட்டைவிடக் காற்றுதான் காயவைக்கும். கடைசி அலசலுக்கு முன் பெரிய துண்டில் சுருட்டிப் பிழிந்தால் பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். இல்லை, தப்பு, கடைசி அலசலுக்கு அப்புறம். (இப்போதுகூட ஒருத்தி முதுகில் ஏறிக்கொண்டிருக்கிறாள்.) சட்டைக் காலரும் பாக்கெட்டும் மட்டும் ஈரமாக இருந்தால் இஸ்திரிப் பெட்டி. கைக்குழந்தைத் துணியைச் சாம்பிராணிக் கூடையில் கவிழ்க்கிற பழக்கம் ஆச்சிக்கு உண்டு. வாசனை நன்றாகத்தான் இருக்கும். ஓடித் திரியும் பிள்ளைகள் உள்ள வீட்டில் தணலைத் தரையில் வைக்க நான் விடமாட்டேன். புகை அந்தக் குழந்தையின் நெஞ்சுக்கும் ஆகாது.

அரசுப் பள்ளியில் வருஷத்துக்கு நாலு செட் சீருடை தருகிறார்கள். அந்த எண்ணை முடிவு செய்தவர் எங்கள் பக்கத்து ஆளாக இருக்க வேண்டும். சாக்ஸுக்கு மட்டும் வழியில்லை. இரண்டு கால் சாக்ஸும் ஜோடியாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை நான் விட்டு நாலு வருஷமாகிறது.

சண்டை வந்தால் யார் பக்கம் நிற்பீங்க?

யார் பக்கமும் இல்லை. இரத்தம் வருகிறதா, கடித்தார்களா என்று மட்டும் பார்ப்பேன். "அவன் என்னைப் பார்க்கான்" என்ற வழக்கை நான் எடுத்துக்கொள்வதில்லை.

பங்கு பிரிப்பில் வரும் சண்டைக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. வெட்டுகிறவர் கடைசியில் எடுக்க வேண்டும். இரண்டு பேருக்கு மட்டுமில்லை, நாலு பேருக்கும் இது வேலை செய்கிறது. தன் பங்கு கடைசியில்தான் வரும் என்று தெரிந்தால் ஒன்பது வயதுக்காரி ஒரு மைசூர்பாகைத் தட்டான் மாதிரி நிறுத்துப் பிரிக்கிறாள். கடைக்குட்டி மட்டும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள் இல்லை. முதல் ஆளாக வந்து இரண்டு துண்டை நக்கிவிடுவாள். நக்கியதை யாரும் கேட்கமாட்டார்கள் என்பதை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்றுதான் தெரியவில்லை.

பின்னம் என்ற பாடத்தை எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன்பே பார்டர் பரோட்டா கற்றுக்கொடுத்துவிட்டது. பிரானூர் பார்டர் கடையிலிருந்து அப்பா பரோட்டா வாங்கி வருவார். எங்களுக்குப் போக ஐந்து மிஞ்சும், பிள்ளைகள் நாலு. ஆளுக்கு ஒன்றேகால். "கால்னா எவ்ளோ?" என்று சின்னவன் கேட்டான். "அவன் உனக்குத் தராதது" என்றாள் மூத்தவள். கணக்கு டீச்சர்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கமாட்டார்.

ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தா நாலு பேருக்கும் வருமா?

வரும். ஒரே நாளில் வராது என்பதுதான் கொடுமை. இரண்டு நாளுக்கு ஒருத்தராக, முறை வைத்து வரும். பத்து நாள் போகும்.

இதில் விளையாட்டில்லாமல் சொல்ல வேண்டியது ஒன்று: மருந்து. பாராசிட்டமால் சிரப்பின் அளவு வயதைப் பார்த்து வருவதில்லை, எடையைப் பார்த்து வருவது. கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் ஒரு வேளைக்கு. கடையில் அதே மருந்து 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் இருக்கும், 250 உள்ள பாட்டிலும் இருக்கும். பெரிய பிள்ளைக்கு வாங்கிய 250 பாட்டிலை எடுத்து, சின்னதுக்கு எழுதிய 125இன் மில்லி கணக்கில் ஊற்றினால் இரட்டிப்பாகிவிடும். எங்கள் வீட்டில் நடு ராத்திரியில், மின்சாரம் இல்லாத நேரத்தில், நானே அந்தத் தப்பைச் செய்யப் பார்த்தேன். மூத்தவள் டார்ச் அடித்ததால் எண் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டிலிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர், மில்லி, கடைசியாகக் கொடுத்த நேரம் எல்லாம் எழுதுகிறேன். ஒரு பிள்ளைக்கு டாக்டர் எழுதிய ஆன்டிபயாட்டிக் மிச்சத்தை அடுத்த பிள்ளைக்குக் கொடுப்பதும் இல்லை.

வயிற்றுப்போக்கு என்றால் ஓஆர்எஸ். பெரிய பாக்கெட் என்றால் முழுசையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சமாகத் தூவிக் கொடுப்பது சரியில்லை. கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள் தருவார்கள். மூன்றாம் நாள் போக்கு நின்றதும் நாமும் நிறுத்திவிடுவோம், நிறுத்தக் கூடாது. பிள்ளை துவண்டு, குடிக்காமல், சிறுநீரும் போகாமல் இருந்தால் வீட்டு வைத்தியம் பேசிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

இரட்டையருக்கு ஊசி போட்ட கதையும் இங்கேதான் வர வேண்டும். ஐந்து வயதுப் பூஸ்டர். பெரியவன் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். சின்னவன் உள்ளே போய், "எனக்குப் போட்டாச்சு, அவன்தான் பாக்கி" என்று வெளியே கைகாட்டினான். ஒரே சட்டை, ஒரே முகம். சிஸ்டர் ஒரு நிமிடம் நம்பிவிட்டார். பெரியவன் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றதால் தப்பினான். அதற்கப்புறம் ஒரே மாதிரிச் சட்டை எடுப்பதில்லை.

பேன்?

ஒரு தலையில் வந்தால் ஆறு தலையில் வந்ததாக வைத்துக்கொள்ள வேண்டும், என் தலையும் ஆச்சி தலையும் சேர்த்து. பேன் குதிக்காது, பறக்காது. தலையோடு தலை முட்டும்போது ஊர்ந்து மாறுகிறது. நாலு பிள்ளைகள் ஒரே பாயில் படுக்கிற வீட்டில் அதற்குப் பஸ் வசதிகூடத் தேவையில்லை. ஈர் பொரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் இன்று சுத்தமாக வாரிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. எல்லாருக்கும் ஒரே நாளில் வார வேண்டும், பத்து நாளுக்கு இரண்டு மூன்று தடவை திரும்ப வார வேண்டும். ஈரத் தலையில் கண்டிஷனர் தடவி வாரினால் பேன் சீப்பு வழுக்கிக்கொண்டு போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத் துணி விரித்து நாலு பேருக்கும் வாரினேன். கிடைத்ததை எண்ண ஆரம்பித்தார்கள். மூத்தவள் பதினேழு. பெரியவன் நாலு. சின்னவன் மொட்டை போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது, ஒன்றுமில்லை. தோற்றுவிட்டேன் என்று சாயங்காலம் வரை அழுதான்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வீங்க?

ஒரே சமையல், நாலு புகார். காலையில் மூன்று பேருக்குப் பள்ளிக்கூடத்திலேயே உணவு கிடைக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த வருஷம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. நான் வீட்டில் உப்புமா கிண்டினால் முகத்தைச் சுளிக்கிறவர்கள் அங்கே வரிசையில் உட்கார்ந்து இரண்டாவது தடவை கேட்டு வாங்குகிறார்களாம். டீச்சர் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

உப்புமாவின் எதிரிகள் எல்லை தாண்டியும் இருக்கிறார்கள். கேரளத்தில் ஒரு குட்டிப் பையன், அங்கன்வாடியில் உப்புமா வேண்டாம், பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று கேட்ட வீடியோ 2025இல் ஊரெல்லாம் சுற்றியது. அமைச்சர் வரை போய், அந்த வருஷம் ஜூனில் அங்கன்வாடி உணவுப் பட்டியலையே மாற்றி முட்டை பிரியாணி சேர்த்தார்கள். சேச்சி வீட்டுப் போனில் எங்கள் பிள்ளைகள் இதைப் பார்த்தார்கள். மறுநாள் காலை நாலு பேரும் வரிசையாக நின்று, என் போனைக் கொடுத்து, வீடியோ எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். அப்பாவுக்கு அனுப்பினேன். அப்பா ஒரு கத்தரிக்காய்ப் படம் பதில் அனுப்பினார்.

டிவி, போன் எவ்வளவு நேரம்?

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: இரண்டு முதல் நாலு வயதுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதற்கும் குறைவு இன்னும் நல்லது. நல்ல விதி. ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று நாங்களும் வைத்தோம். ஒருத்தர் போனை மற்ற மூன்று பேரும் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார்கள் என்பதை யோசிக்கவில்லை. ஆளுக்கு நாலு மணி நேரம் ஆயிற்று. இப்போது மொத்தமே அரை மணி, டிவியில், எல்லாரும் சேர்ந்து. எதைப் பார்ப்பது என்று முடிவு செய்யவே இருபது நிமிடம் போய்விடுகிறது.

குற்றாலத்துக்கு நாலையும் கூட்டிட்டுப் போகலாமா?

போகலாம், இரண்டு பெரியவர்கள் இருந்தால். நான் தனியாகப் போனதில்லை, போகவும் மாட்டேன். சின்னப் பிள்ளைகளுக்குப் புலியருவி ஏற்றது. உயரம் குறைவு, தண்ணீர் அடிக்காது. பேரருவியில் மேலே இருக்கிற பாதுகாப்பு வளைவை, நாங்கள் ஆர்ச் என்போம், தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை. தடை போட்ட நாளில் "சும்மா ஓரமா நின்னு பார்ப்போம்" என்பதும் வேண்டாம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று காட்டுவெள்ளம் வந்து ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. அருவிக்கரையில் மழை இல்லை என்பதற்கு அர்த்தம் மலைமேல் மழை இல்லை என்பதில்லை. தண்ணீர் கலங்கினாலோ, குச்சி சருகு வந்தாலோ உடனே மேலே ஏறிவிட வேண்டும்.

கூட்டத்தில் தொலைந்தால் என்ன செய்வது என்று வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துக் கூட்டிப் போங்கள்: நின்ற இடத்திலேயே நில், போலீஸையோ கடைக்காரரையோ கேள். கையில் பேனாவால் எழுதிய போன் நம்பர் அருவியில் போய்விடும். நான் கால்சட்டையின் உள்பக்கம் துணி மார்க்கரால் எழுதுகிறேன். குழந்தை உதவி எண் 1098ஐ மூத்தவள் மனப்பாடமாக வைத்திருக்கிறாள். பெரியவனும் வைத்திருக்கிறான், அம்மா அடித்தால் கூப்பிடுவேன் என்று மிரட்டுவதற்காக.

மூத்தவள் உங்களுக்கு நல்ல ஒத்தாசையா இருப்பாளே?

இந்தக் கேள்விதான் எனக்குப் பிடிக்காதது. கேட்கிறவர்கள் பாராட்டாகத்தான் கேட்கிறார்கள்.

இருக்கிறாள். அதுதான் கவலை. நான் சொல்லாமலேயே கடைக்குட்டிக்கு மூக்குத் துடைப்பாள், பஸ்ஸில் எனக்கு முன்னால் அவள் எண்ணி முடித்துவிடுவாள். ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் 'எனக்குப் பிடித்த நேரம்' என்று நாலு வரி எழுதச் சொன்னார்கள். எல்லாரும் தூங்கிய பிறகு என்று எழுதியிருந்தாள். அது என் பதில். ஒன்பது வயதுக்காரியின் பதிலாக இருக்கக் கூடாது.

அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. அவளுக்கு வேலை உண்டு, ஆனால் பிள்ளை பார்க்கும் வேலை இல்லை. தட்டு எடுத்து வைப்பது, பூச்செடிக்குத் தண்ணீர், அவ்வளவுதான். இரட்டையருக்கும் அதே அளவு வேலை உண்டு, ஆண் பிள்ளைகள் என்று விலக்கு இல்லை. வாரத்தில் ஒரு சாயங்காலம் அவளும் நானும் மட்டும் மார்க்கெட்டுக்குப் போவோம். பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. ஒரு பழம்பொரியை வாங்கி, யாருக்கும் பங்கு வைக்காமல், முழுசாக அவளே சாப்பிடுவாள்.

அப்பா என்ன செய்றார்?

புனலூரில் காய்கறிக் கடை. பாவூர்சத்திரம் சந்தையில் சரக்கு ஏற்றிக்கொண்டு விடியும் முன் மலையேற வேண்டும். ஓணத்துக்கு முந்தைய பத்து நாள் அவரைக் கண்ணால் பார்க்க முடியாது. பிள்ளைகள் வாழைத்தாரைப் பார்த்து "அப்பா" என்று சொல்கிற அளவுக்குப் போகும். ஞாயிறு பிற்பகல் நாலு பேரும் அவர் பொறுப்பு. போன வாரம் முடிவெட்டக் கூட்டிப் போனார். நாலு பேரும் சரியாகத் திரும்பினார்கள். செருப்பு ஏழு, அதிலும் ஒன்று வேறு யாருடையதோ.

எப்போ தூங்குவீங்க?

அடுத்த கேள்வி.

இன்னொண்ணு உண்டா?

இல்லை.

புனலூர் ரயிலில் பிள்ளைகளோடு போவது எப்படி இருக்கும்?

நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் நல்ல பதில் சொல்லும் ஒரே கேள்வி இதுதான். 1904இல் போட்ட பாதை. மீட்டர்கேஜை 2010இல் நிறுத்தி, அகலப்பாதை 2018இல்தான் திரும்ப வந்தது. என் வீட்டுக்காரர் மீட்டர்கேஜில் படிக்கட்டில் உட்கார்ந்து போன கதையைப் பகவதிபுரம் தாண்டும்போது ஒவ்வொரு தடவையும் சொல்வார். நானும் ஒவ்வொரு தடவையும், பிள்ளைகள் முன்னால் சொல்லாதீர்கள் என்பேன். கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலம் வரும். பெரியவன் எண்ணினால் பன்னிரண்டு, சின்னவன் எண்ணினால் பதினாலு. தின்பதற்கு நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் சீட்டுக்கு ஸ்டேஷனுக்கு ஒருத்தராக முறை வையுங்கள். நிலையப் பெயர்கள் தானாக மனப்பாடமாகும்.

ஆரியங்காவுக்கு முன்னால் பெரிய குகை, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம். வண்டி உள்ளே நுழைந்ததும் எல்லாப் பெட்டியிலும் பிள்ளைகள் 'ஊ' என்று கத்துவார்கள், அது வழக்கம். போன சித்திரையில் எங்கள் பெட்டியில் விளக்கு எரியவில்லை. நல்ல இருட்டு. நான் வழக்கம்போலக் கையை நீட்டித் தலையைத் தொட்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்து. மறுபடியும் தொட்டு எண்ணினேன். ஐந்துதான். ஐந்தாவது தலை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தது. எங்கள் வீட்டுத் தலை இல்லை.

வெளிச்சம் வந்தபோது கடைக்குட்டிக்கும் பெரியவனுக்கும் நடுவில், நாலு வயதிருக்கும், முன்பின் தெரியாத ஒரு பையன் எங்கள் முறுக்கைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தான். நாலு சீட்டு தள்ளி ஒரு அம்மா எழுந்து நின்று விரலை நீட்டி நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் சின்னவன் சீட்டு மேல் ஏறி நின்று கத்தினான்:

"சேச்சீ, இவிடெ ஒண்ணு கூடுதல் உண்டு!"